அழுகைக்கு ஒரு பெர்மிட்

கம்பெனியின் பெயர் வேண்டாம். சொன்னால் சொல்கிறவனுக்கும் கேட்கிறவனுக்கும் சேர்த்து மெமோ வரும். வளைகுடாவில் சோனாப்பூர் என்கிற இடத்தில் தொழிலாளர் கேம்ப் ஒன்று, அந்தக் கேம்ப்பில் ஒரு மெஸ் ஹால், அந்த ஹாலில் ஒரு போலந்துப் படம். இவ்வளவு தெரிந்தால் போதும், மற்றதைக் கம்பெனியே பார்த்துக்கொண்டது.

வீரபாண்டி கமுதிப் பக்கத்து ஆள். சாரம் கட்டுகிற வேலை. எத்தனை மாடி ஆனாலும் குழாய்மேல் குழாய் பூட்டிக்கொண்டு விறுவிறுவென்று ஏறிவிடுவான். தரையில் நிற்கிற மேனேஜரிடம் பேசும்போதுதான் கால் நடுங்கும். அவனுக்கு அந்த வருஷம் ஒரே ஒரு காரியம் ஆகவேண்டியிருந்தது. தங்கச்சி நாகவள்ளியின் மகளுக்குக் காதுகுத்து. குலசாமி கோயிலில் நாள் குறித்துச் சொந்தபந்தத்துக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். நாகவள்ளிக்குக் கூடப்பிறந்தவன் என்று இருப்பது வீரபாண்டி ஒருத்தன்தான். போன வருஷம் வைத்திருந்த நாளையே இவனுக்கு லீவு கிடைக்காமல் தள்ளிப்போட்டார்கள். இன்னொரு தரம் தள்ளினால் பிள்ளையே கல்யாணத்துக்கு நின்றுவிடும் என்று அவன் அம்மா போனில் திட்டினாள்.

லீவு லெட்டரில் ஃபோர்மேன் கையெழுத்துப் போட்டுவிட்டார். சைட் இன்ஜினியர் போட்டுவிட்டார். கேம்ப் பாஸ்கூடப் போட்டுவிட்டார். ஆனால் புதிதாக ஒரு பிரிவு முளைத்திருந்தது. அதற்குப் பெயர் தொழிலாளர் மகிழ்ச்சி மற்றும் பண்பாட்டுப் பிரிவு. மேனேஜர் வெங்கட்ராமன். அவர் அறைக் கதவில் பல் தெரியச் சிரிக்கிற ஒரு தொழிலாளியின் படம் ஒட்டியிருக்கும். கதவு மட்டும் எப்போதும் சாத்தியே இருக்கும்.

வீரபாண்டி போய் நின்றதும் வெங்கட்ராமன் அன்பாகத்தான் பேசினார். பண்பாட்டில் சிறந்த கேம்ப் என்று ஒரு விருது வரப்போகிறதாம். அதற்குத் தொழிலாளர்களுக்கு உலக சினிமா ஒன்றைக் காட்டி, அவர்கள் முகத்தில் என்னென்ன வருகிறது என்று படம் பிடித்து அனுப்ப வேண்டுமாம். முகம் காட்டாதவனுக்கு லீவு கிடையாது.

"படத்தைப் பாரு, லெட்டரை வாங்கிக்கோ, ஊருக்குப் போ. கலாஸ், முடிஞ்சது," என்றார்.

இவ்வளவு சுலபமா என்று வீரபாண்டிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கம்பெனியில் இத்தனை வருஷம் இருந்தும் அவனுக்குப் புத்தி வரவில்லை, பாவம்.

படத்தைத் தேர்ந்தெடுத்தது வெங்கட்ராமன்தான். தலைமை அலுவலகம் போட்ட நிபந்தனைகள் கொஞ்சநஞ்சம் அல்ல. பாட்டு கூடாது, முத்தம் கூடாது, குடி கூடாது, சாமி கூடாது, அரசியல் கூடவே கூடாது. எல்லாவற்றையும் வடிகட்டிப் பார்த்ததில் போலந்து நாட்டுக் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று கையில் மிஞ்சியது. உலக யுத்தம் முடிந்த கையோடு எடுத்தது. ஜெர்மன் பட்டாளம் ஒரு நகரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு அங்கே உள்ள சனத்தைப் படுத்திய பாடுதான் கதை. இதில் அரசியல் இல்லையா என்று தலைமை அலுவலகத்தில் கேட்டார்கள். படத்தில் வருகிற இரண்டு தேசத்துக்காரர்களும் நம் கம்பெனியில் வேலை செய்யவில்லை, ஆகவே அரசியல் இல்லை என்று வெங்கட்ராமன் எழுதி அனுப்பினார். உடனே அனுமதி வந்தது.

விடுமுறை நாள் மத்தியானம் மெஸ் ஹாலில் படம் போட்டார்கள். திரையில் ஓடுகிற இங்கிலீஷ் எழுத்தைப் பார்த்து வெங்கட்ராமன் மைக்கில் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். வீரபாண்டி முன்வரிசையில் குளித்து, தலை சீவி, முகத்தை நன்றாகக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தான். பக்கத்தில் அவன் ரூம்காரன் கார்மேகம். கிரேன்காரனுக்குக் கீழே நின்று கைச்சைகை காட்டுகிற வேலை அவனுக்கு. ஊரில் அவனுக்கு மாப்பிள்ளை இல்லாமலேயே நிச்சயதார்த்தம் நடந்து முடிந்திருந்தது. கல்யாணத்துக்காவது நேரில் போக வேண்டும் என்று ஆசைப்பட்டான்.

படம் ஆரம்பித்தது. ஒரு வீடு வந்தது. ஒரே அறையில் ஒரு குடும்பம் முழுக்க ஒடுங்கிக் கிடந்தது. பார்க்கிறவர்கள் உச்சுக்கொட்ட வேண்டிய இடம் அது. ஹாலில் உச்சுக்கொட்டினார்கள்தான், ஆனால் வேறு காரணத்துக்கு. அந்த அறையில் ஜன்னல் இருந்தது. அதில் திரைச்சீலை வேறு. ஆளுக்கொரு கட்டில் இருக்கிறதே, மேல்கட்டில் ஒன்றுகூட இல்லையே என்று பின்வரிசையில் வயிற்றெரிச்சல் கிளம்பியது.

அடுத்து தெருவில் சிப்பாய்கள் வந்து ஒவ்வொருத்தரையும் நிறுத்தி அட்டை கேட்டார்கள். ஹாலில் முன்வரிசை முழுக்கப் பைக்குள் கைவிட்டுத் தங்கள் அட்டையை எடுத்து நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டது. யாரும் சொல்லவில்லை, கை தானாகப் போயிற்று. திரையில் ஒரு கிழவரிடம் அட்டை இல்லை. போச்சு, இவருக்கு ஃபைன்தான் என்று கார்மேகம் பரிதாபப்பட்டான்.

அப்புறம்தான் வினை வந்தது. ஜெர்மன் அதிகாரி ஒருவன் படியில் ஏறி நின்று பிடிபட்ட சனத்திடம் பேசினான். வெங்கட்ராமன் உணர்ச்சியோடு தமிழ்ப்படுத்தினார். "நீங்கள் எல்லாரும் எங்கள் குடும்பம். உங்கள் பாதுகாப்புக்காகத்தான் கதவைப் பூட்டுகிறோம். குறை இருந்தால் தயங்காமல் வந்து சொல்லுங்கள், சொன்னவர்களின் பெயரைக் குறித்துக்கொள்கிறோம்."

இதே பேச்சை, இதே குரலில், இதே மைக்கில் போன வாரம் அந்த ஹாலே கேட்டிருந்தது. வீரபாண்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கித்தான் பார்த்தான். மூக்கு வழியாகப் பீறிட்டது. அவனைப் பார்த்துக் கார்மேகம் சிரிக்க, கார்மேகத்தைப் பார்த்து அடுத்தவன் சிரிக்க, ஹால் முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தது. கேமரா எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டது.

சிரிப்பு ஓய்வதற்குள் திரையில் லாரி வந்து நின்றது. சிப்பாய் விசில் ஊதி, சீக்கிரம் சீக்கிரம் என்று கத்தினான். நைட் டியூட்டி பார்த்துவிட்டு வந்து பாதித் தூக்கத்தில் இருந்தவர்களுக்கு அந்த விசில் போதும். எழுந்தார்கள், பூட்ஸ் மாட்டினார்கள், ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு ஓடிப்போய் வாசலில் வரிசையாக நின்றார்கள். வெளியே பஸ்ஸில் படுத்திருந்த டிரைவர் கான் பாயும் வரிசையைக் கண்டதும் எழுந்து கதவைத் திறந்துவிட்டார். விடுமுறை நாளில் ஏன் போகிறோம் என்று அவரும் கேட்கவில்லை, ஏறியவர்களும் கேட்கவில்லை. சைட்டில் வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட்டார். மறுநாள் பார்த்தால் ஒரு சுவர் கூடுதலாக நின்றது. அந்த இடத்தில் வரைபடத்தில் சுவரே கிடையாது.

தலைமை அலுவலகத்திலிருந்து ஹெச்.ஆர். டைரக்டர் ஐயப்பன் வெங்கட்ராமனைப் போனில் பிடித்துக்கொண்டார். சுவரைப் பற்றி அவருக்கு ஒன்றும் வருத்தம் இல்லை. சோகக் காட்சியில் சிரித்தால் விருது எப்படிக் கிடைக்கும் என்பதுதான் கவலை. முதலில் சிரித்தவன் யார் என்று வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டி வீரபாண்டியைக் கண்டுபிடித்தார்கள். அவன் லெட்டர் மறுபடியும் மேஜைக்குள் போயிற்று.

வீரபாண்டி கையைப் பிசைந்துகொண்டு போய் நின்றான். நாளோ கிட்டே வந்துவிட்டது. வெங்கட்ராமன் ஒரு வழி சொன்னார். விருதுக் குழு நேரிலேயே வருகிறது. அவர்கள் முன்னால் மறுபடியும் படம் ஓடும். சிரிப்பைத் தொடங்கி வைத்து ஹாலையே சிரிக்க வைத்தவன் அழுகையையும் தொடங்கி வைக்கலாம் அல்லவா. ஆகவே அவனை அழுகை ஃபோர்மேனாக நியமித்திருப்பதாகச் சொன்னார். நன்றாக அழுதால் அன்றைக்கே லெட்டர் கையில்.

இங்கேதான் சேஃப்டி ஆஃபீசர் கதிர்காமு நுழைந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. விசில் கேட்டு ஜனம் ஓடியதை அவர் விபத்துக்குச் சமமான சம்பவம் என்று எழுதிவைத்திருந்தார். ஆகவே இனிமேல் படம் பார்த்து உணர்ச்சிவசப்படுவது வெல்டிங் மாதிரி ஆபத்தான வேலை, பெர்மிட் இல்லாமல் செய்யக்கூடாது என்றார். பெர்மிட் வீரபாண்டியின் பெயரில் இருக்கும். வேலை நடக்கிற இடத்தைச் சுற்றி மஞ்சள் பட்டை கட்டிக் கதவைப் பூட்ட வேண்டும். வேலை முடிந்தது என்று பெர்மிட்காரன் கையெழுத்துப் போட்டு மூடுகிற வரைக்கும் ஒரு குருவி உள்ளே வரக்கூடாது, வெளியே போகவும் கூடாது. டைரக்டர் ஐயப்பன் அதைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டு அனுப்பினார். கம்பெனியில் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது லீவு லெட்டருக்கு மட்டும்தான்.

தினமும் வேலைக்கு முன்னால் எல்லாரையும் வட்டமாக நிறுத்தி அன்றைக்கு என்னென்ன ஆபத்து என்று சொல்வார்கள், டூல்பாக்ஸ் டாக் என்று பெயர். அந்த வாரம் முழுக்க அழுகைக்கு டூல்பாக்ஸ் டாக் நடந்தது. கண்ணீர் தரையில் விழுந்தால் வழுக்கும், உடனே துடைக்க வேண்டும். யாரும் தனியாக அழக்கூடாது, இரண்டிரண்டு பேராகத்தான் அழ வேண்டும். மேஜைமேல் ஏறி அழுகிறவர் பெல்ட் மாட்ட வேண்டும். கதிர்காமு இதையெல்லாம் கொஞ்சமும் சிரிக்காமல் சொன்னார். ஒப்பாரி வைக்கலாமா என்று ஒருத்தன் கேட்டதற்கு, அதுக்கு வேற பெர்மிட் எடுக்க வேணும் என்றார்.

ஒத்திகையில் ஒரு சிக்கல் வந்தது. எப்போது தொடங்குவது, எவ்வளவு சத்தம், எங்கே நிறுத்துவது என்று ஒருத்தருக்கும் பிடிபடவில்லை. கடைசியில் கார்மேகத்தைத் திரைக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். கிரேனுக்குக் காட்டுகிற சைகையையே அழுகைக்கும் காட்டினான். உள்ளங்கையை மேலே தூக்கினால் அழுகையை ஏற்று. கீழே அமுக்கினால் இறக்கு. முஷ்டியை மடக்கினால் நிறுத்து. அதற்கப்புறம் எல்லாருக்கும் விளங்கிவிட்டது. எத்தனையோ டன் இரும்பை இறக்கிய கை, அழுகையையும் பூப்போல இறக்கியது.

விருதுக் குழு வந்த அன்று மெஸ் ஹாலில் மீன் வாடையே இல்லை. முதல் வரிசையில் குழுவும் டைரக்டர் ஐயப்பனும் உட்கார்ந்தார்கள். கதிர்காமு மஞ்சள் பட்டை கட்டி, கதவைப் பூட்டி, சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். டைரக்டர் பேச எழுந்தார்.

"இந்தப் படத்தைப் பார்க்கும்போது என் ரத்தம் கொதிக்கிறது," என்று ஆரம்பித்தார். "மனிதர்களை ஒரே அறையில் அடைத்தார்கள். விசில் அடித்து எழுப்பி வண்டியில் ஏற்றினார்கள். சொந்த ஊருக்குப் போகவிடாமல் தடுத்தார்கள். இப்படியும் ஒரு நிர்வாகம் இருக்குமா என்று நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். அப்படிப்பட்ட இருண்ட காலம் இனி வராது என்பதற்கு நம் கேம்ப்பே சாட்சி. இந்த மகிழ்ச்சியான நேரத்தில் ஒரு அறிவிப்பு. விருது விழா முடிகிற வரைக்கும் யாருக்கும் லீவு கிடையாது. மேடையில் நீங்கள் எல்லாரும் சிரித்த முகத்தோடு நிற்க வேண்டும். கதவு பூட்டியிருக்கிறது, நிம்மதியாகப் படம் பாருங்கள்."

கைதட்டச் சொல்லிக் கார்மேகம் சைகை காட்டினான். எல்லாரும் தட்டினார்கள். வீரபாண்டி மட்டும் தட்டவில்லை. வெங்கட்ராமனைத் திரும்பிப் பார்த்தான். அவர் மைக்கைச் சரிபார்க்கிற மாதிரி குனிந்துகொண்டார்.

படம் ஓடியது. அறை வந்தது, யாரும் ஜன்னலைப் பற்றிப் பேசவில்லை. அட்டை கேட்டார்கள், யாரும் பைக்குள் கை விடவில்லை. அழ வேண்டிய இடம் வந்தது. லாரியில் ஏற்றப்பட்ட ஒருத்தன் தன் வீட்டு வாசலைக் கடந்து போகிறான், வாசலில் அவன் தங்கச்சி குழந்தையோடு நிற்கிறாள், லாரி நிற்கவில்லை. கார்மேகம் உள்ளங்கையை மெல்ல மேலே தூக்கினான்.

வீரபாண்டி அழத் தொடங்கினான். ஒத்திகையில் அழுத அழுகை அல்ல. நாகவள்ளி கோயில் வாசலில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டு நிற்பது மாதிரி அவனுக்குக் கண்ணில் தெரிந்தது. வயிற்றிலிருந்து எடுத்து அழுதான். அவன் அழுததைப் பார்த்ததும் ஒவ்வொருத்தனுக்கும் அவனவன் வீட்டு வாசல் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. ஹாலே ஓ என்று அழுதது. குழுக்காரர்கள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்கள். டைரக்டருக்குப் பெருமை பிடிபடவில்லை.

கார்மேகம் முஷ்டியை மடக்கினான். ஒருத்தரும் நிறுத்தவில்லை. நகரம் விடுதலையாகி, கொடி ஏறி, எல்லாரும் கட்டிப்பிடித்துக்கொண்டு, படமே முடிந்து விளக்கும் போட்டாகிவிட்டது. அழுகை நிற்கவில்லை.

அருமை, போதும் என்று டைரக்டர் எழுந்தார். குழுவுக்கு ஹோட்டலில் சாப்பாடு சொல்லியிருந்தது. கதவுக்கு முன்னால் கதிர்காமு நின்றார்.

"பெர்மிட் இன்னும் மூடேல்ல, சேர்," என்றார். "வேலை நடக்கேக்க ஒருத்தரும் வெளிய போகேலாது."

"நான் டைரக்டர், கதிர்காமு."

"ஓம் சேர். உங்கட கையெழுத்துத்தான் கீழ கிடக்கு."

டைரக்டர் கோபமாகத் திரும்பி வீரபாண்டியிடம் வந்தார். அதட்டலாம் என்றால் குழு பார்த்துக்கொண்டிருக்கிறது. கேமரா ஓடிக்கொண்டிருக்கிறது. தொழிலாளியின் உணர்ச்சியை மிரட்டி நிறுத்தினார்கள் என்று எழுதிவிட்டால் விருது போச்சு. குழுவில் ஒரு பெரியவர் பாத்ரூம் எந்தப் பக்கம் என்று விசாரிக்க ஆரம்பித்திருந்தார். அது பட்டைக்கு அந்தப் பக்கம் இருந்தது. ஆகவே டைரக்டர் வீரபாண்டியின் தோளில் கைபோட்டு, ஏன் ராஜா அழுகிறாய், படம்தான் முடிந்துவிட்டதே என்று குழைந்தார்.

வீரபாண்டிக்கு அந்த நேரத்தில் கால் நடுங்கவில்லை. அழுகிறவனுக்கு மேனேஜர் என்ன, டைரக்டர் என்ன.

"எந்தங்கச்சி மகளுக்கு வெள்ளிக்கிழமை காதுகுத்து சார்," என்றான். "நாந்தான் தாய்மாமன். எம்மடியிலதான் குத்தணும். நான் போகாட்டி எனக்கு இது நிக்காது சார்."

டைரக்டர் பெரியவரைப் பார்த்தார். பெரியவர் காலை மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தார். வெங்கட்ராமன் மேஜைக்கு ஓடவில்லை, லெட்டர் அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. டைரக்டர் அவர் முதுகில் வைத்து அதில் கையெழுத்துப் போட்டார். வீரபாண்டி அதை வாங்கி இரண்டு தரம் படித்தான். மூக்கை உறிஞ்சிக்கொண்டு பெர்மிட்டுக்காகக் கையை நீட்டினான்.

கார்மேகம் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே நின்றான். பக்கத்தில் வந்து, "மாப்ள, மூடிராதடா," என்று மெதுவாகச் சொன்னான். பிறகு கதிர்காமுவிடம் திரும்பி, ஷிஃப்ட் மாறும்போது பெர்மிட்டை இன்னொருத்தன் பெயருக்கு மாற்றலாம் என்று விதி இருக்கிறதா இல்லையா என்று கேட்டான்.

கதிர்காமு யோசித்தார். "இருக்கு, தம்பி. வேலை தெரிஞ்ச ஆளெண்டால் மாத்தலாம்."

வேலை தெரியுமா என்பதைக் கார்மேகம் அங்கேயே காட்டினான். தேம்பித் தேம்பி அழுதான். பெர்மிட் அவன் பெயருக்கு மாறியது. டைரக்டரிடம் கல்யாணத்துக்கான லீவு லெட்டரை நீட்டினான். அந்தக் கேம்ப்பில் லீவு லெட்டர் இல்லாத சட்டைப் பையே கிடையாது. மேனேஜர் எந்த நேரத்தில் நல்ல மனசோடு எதிரே வருவார் என்று யாருக்குத் தெரியும், எல்லாரும் கூடவே வைத்துக்கொண்டுதான் திரிவார்கள். அவனுக்குப் பின்னால் அடுத்தவன் வந்து நின்றான். அவனுக்குப் பின்னால் இன்னொருத்தன். விசிலே ஊதாமல் சுவரோரமாக வரிசை நீண்டுகொண்டே போயிற்று. யாரும் சத்தம் போடவில்லை, முறை வரும்போது முறைப்படி அழுதார்கள், கீழே விழுந்த கண்ணீரைத் துணியால் துடைத்தார்கள். கதிர்காமு ஒவ்வொரு பெர்மிட் மாற்றத்தையும் நேரம் போட்டு எழுதினார். டைரக்டர் ஐயப்பன் வாழ்க்கையில் முதல்முறையாக லீவு லெட்டரைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ மந்திரம் சொன்னார்.

வீரபாண்டி தன் லெட்டரை மடித்துப் பனியனுக்குள் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். நாகவள்ளிக்குப் போன் போட்டு, வாரேன் தாயி, நாள மாத்திராதீங்க என்றான்.

வரிசை ஒருவழியாகக் கரைந்தது. கடைசி ஆளும் வாங்கிவிட்டான். கார்மேகம் பெர்மிட்டை முறைப்படி மறுபடி தன் பெயருக்கு வாங்கி, மூடுவதற்குப் பேனாவைத் திறந்தான். அப்போது யாரோ அவன் முழங்கையைத் தொட்டார்கள். வெங்கட்ராமன்.

அவர் டைரக்டர் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கார்மேகத்தின் காதருகே குனிந்தார். "கொஞ்ச நேரம் மூடாம இருப்பா," என்றார். "என் லீவு லெட்டர் ரெண்டு வருஷமா இவர்கிட்டதான் இருக்கு."

கார்மேகம் பேனாவை மூடி, பெர்மிட்டை அவர் பெயருக்கு மாற்றிக் கொடுத்தான். வெங்கட்ராமன் ஒத்திகைக்கு ஒருநாளும் வராதவர். ஆனாலும் நன்றாகவே அழுதார்.